நீளமான டச்சுச் சொற்களை எப்படிப் படித்துப் பழகினீர்கள்?

ஐந்தோவனிலிருந்து:
நெதர்லாந்து வந்த புதிதில் எல்லாரும் எடுக்கச் சொன்ன காப்பீடு ஒன்று: ஆன்ஸ்ப்ராகலக்ஹெய்ட்ஸ்ஃபர்ஸேகரிங். டச்சில் 29 எழுத்து, நடுவே ஓர் இடைவெளி கிடையாது. நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கொடுக்கிற காப்பீடு அது. மொழி வகுப்பு ஆசிரியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். முன்னால் 'பொறுப்பு', பின்னால் 'காப்பீடு', ஒட்டுவதற்கு நடுவில் ஒரு 'ஸ்'. அவ்வளவுதான்!

அன்றிலிருந்து பொருளுக்கு வாலைப் பிடிப்பேன், அழுத்தத்துக்குத் தலையைப் பிடிப்பேன். கடைசித் துண்டுதான் எஜமான், முன்னால் வருவதெல்லாம் அடைமொழி. ஆங்கில 'the' போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'த' வருமா 'ஹெட்' வருமா என்பதையும் அதுவே முடிவு செய்யும். வீட்டைக் குறிக்கும் 'ஹௌஸ்' 'ஹெட்' வாங்கும். ஆகவே மருத்துவமனையான 'ஸீக்கன்ஹௌஸ்' என்பதற்கும் 'ஹெட்'. அதன் வாலில் 'ஓப்னாம' (அனுமதித்தல்) ஒட்டினால் உடனே 'த' ஆகிவிடும்.

அழுத்தம் முதல் துண்டில் விழும். முதல் அசையில் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் துண்டு தனியே நிற்கும்போது எந்த அசை ஓங்குமோ, கூட்டிலும் அதுதான் ஓங்கும். ஆன்-ஸ்ப்ரா-க-லக்-ஹெய்ட்ஸ்-ஃபர்-ஸே-க-ரிங்: ஒன்பது அசை. பலம் 'ஸ்ப்ரா'வில், கொஞ்சம் குறைவாக 'ஸே'யில். மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிட்டால் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

டென் ஹாக்கிலிருந்து:
அண்ணை, நீங்கள் சொல்லுற தலை வழி எல்லா இடத்திலயும் சரிவராது. 'ஸீக்கன்ஹௌஸ்' எண்டா 'ஸீ'யில அழுத்தம், சரி. ஆனா நகர மண்டபம் 'ஸ்டட்ஹௌஸ்' எண்டா அழுத்தம் பின்னால 'ஹௌஸ்'இல போய் நிக்குது! மேயர் 'புர்ஹமேஸ்டர்', அதில 'மேஸ்'. அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம் ரெண்டும் கடைசி 'டாம்'. இதுகளுக்கு விதி தேடாதேங்கோ, பாடமாக்குங்கோ.

டச்சுக்காரர் 1658இல யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்ச பிறகு எங்கட வாயில விட்டுட்டுப் போன கூட்டுச்சொல் ஒண்டும் இருக்கு: கக்கூசு. 'கக்' (மலம்) + 'ஹௌஸ்'. 'ஹ' தேஞ்சு போச்சு. இஞ்ச அதைச் சொன்னா சிரிப்பினம்.

உட்ரெக்டிலிருந்து:
எனக்கு அசை பிரிப்பதில்தான் திண்டாட்டம். வரி முடிவில் சொல்லை வெட்டினால் மூட்டில்தான் வெட்ட வேண்டும். மூட்டு எங்கே என்று தெரிய வேண்டுமே! 'க்வார்ட்ஸ்லாகன்' என்பதை 'க்வார்ட்' தாண்டி வெட்டினால் கால் திருப்பங்கள், 'க்வார்ட்ஸ்' தாண்டி வெட்டினால் படிகக்கல் அடுக்குகள். படுகுழியான 'ஃபல்கௌல்' ஓரெழுத்து தள்ளி வெட்டினால் வல்லூறும் ஆந்தையுமாகப் பறந்துவிடும். வாயோ வேறு கதை. பல் மருத்துவர் எழுத்தில் 'டன்ட்' + 'அர்ட்ஸ்', பேச்சில் 'டன்-டர்ட்ஸ்'. நம் புணர்ச்சியைப் போலவே மெய்மேல் உயிர் ஏறிக்கொள்கிறது.

லைடனிலிருந்து:
நடுவில் வரும் 'ன்' பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்பத்தை 'பன்னகூக்' என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். 1995 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு 'பன்னன்கூக்' என்று எழுதுகிறார்கள். முதல் துண்டின் பன்மை 'அன்' என்று மட்டுமே முடிந்தால் 'ன்' எழுத வேண்டும். வெயிலான 'ஸொன்னஸ்ஹெய்ன்' சொல்லில் எழுதக்கூடாது, சூரியன் ஒன்றுதானே! பள்ளிக்குப் போகும் என் மகளும் இதில் தடுமாறுகிறாள், அவளுடைய டச்சுத் தோழிகளும்தான்.

ஐந்தோவனிலிருந்து:
அக்கா, 'ன்' விட்டால்கூடப் பொருள் கெடாது, இடைவெளி விட்டால்தான் வம்பு. 'லங்கஅஃப்ஸ்டண்ட்ஸ்லோபர்' சேர்த்து எழுதினால் நெடுந்தூர ஓட்டக்காரர். 'லங்க'வைத் தனியே எழுதினால் ஆள் உயரமானவர் ஆகிவிடுவார். ஆங்கிலத்தைப் பார்த்து இப்படிப் பிரித்து எழுதுவதற்கு இங்கே 'ஆங்கில நோய்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கடைப் பலகைகளைக் கவனியுங்கள், நிறைய அகப்படும்.