28 நாள் இருப்பில் இரண்டு நாள் குறைந்துவிட்டது, பிரிட்டன் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாமா?

நெல்லைப் பொண்ணு, ஆகஸ்ட் 13

லீட்ஸில் முதுகலைப் படிப்பு கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 21 வகுப்பு. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி ஆவணமான காஸ் (CAS) வந்துவிட்டது. விசாவுக்கு 28 நாள் தொடர்ந்து குறையாமல் கணக்கில் காட்ட வேண்டிய பணம்: மீதிக் கட்டணம் 13,000 பவுண்டு, தங்கிச் சாப்பிட மாதம் 1,171 வீதம் 9 மாதத்துக்கு 10,539. ஆக 23,539 பவுண்டு. அப்பா வயலை அடகு வைத்து, ஜூலை 16 அன்று தன் சேமிப்புக் கணக்கில் போட்டார். நேற்றோடு 28 நாள்.

இன்று பாஸ்புக் பதிந்து பார்த்தால், ஆகஸ்ட் 3 அன்று டிராக்டர் தவணை தானாகக் கழிந்திருக்கிறது. அப்பா 5ஆம் தேதி வேறு பணம் போட்டுச் சரிசெய்துவிட்டார். ஆனால் 3, 4 இரண்டு நாளும் 40,000 ரூபாய் குறைவு. அந்த ஒரு வரியைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

கன்சல்டன்சியில், "இரண்டு நாள்தானே, ஸ்டேட்மெண்டை நாங்களே சரிபண்ணித் தருகிறோம்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ஷெஃபீல்ட் அண்ணன்

தங்கச்சி, முதல் வேலையாக அந்தக் கன்சல்டன்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. திருத்திய ஸ்டேட்மெண்ட் கொடுத்தது தெரிந்தால் 10 வருடம் விசா கிடையாது. வங்கியிடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பக்கம் போகாதே.

இரண்டு நாள் என்று விடவும் மாட்டார்கள். 28 நாளில் ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புதான். 5ஆம் தேதியிலிருந்து மறுபடி எண்ணினால் செப்டம்பர் 1 அன்று முடியும். 2ஆம் தேதி விண்ணப்பித்தால், வழக்கமான மூன்று வாரக் கணக்கில் 23ஆம் தேதிதான் முடிவு. உனக்கு வகுப்பு 21.

ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு இன்னும் 1,000 பவுண்டு கட்டணம் கட்டு. கட்டிய தொகையை காஸில் ஏற்றச் சொல். அப்போது காட்ட வேண்டியதே 22,539 ஆகிவிடும். அந்த இரண்டு நாள் இருப்பு இதைத் தாண்டி நிற்கும். 40,000 ரூபாய்க்கு அவ்வளவு எதற்கு என்று தோன்றும். ரூபாயைப் பவுண்டாக்குவது ஓஆண்டா (OANDA) என்ற நாணய மாற்று இணையதளத்தில் விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் விலையில். பவுண்டு ஏறினால் நீ மாட்டிக்கொள்வாய். கொஞ்சம் தாராளமாகவே வை.

வங்கி அக்கா

தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த 1,000 பவுண்டை அப்பா கணக்கிலிருந்து அனுப்பாதே. அனுப்பும் கமிஷனும் வரியும் சேர்ந்து கழியும், திரும்ப ஒரு பள்ளம் விழும். மாமாவோ சித்தப்பாவோ தங்கள் கணக்கிலிருந்து கட்டட்டும். டிராக்டர் தவணையை இன்றே வேறு கணக்குக்கு மாற்றச் சொல்.

கல்விக் கடனும் கேட்டுப் பார்க்கலாம். உன் பெயரில் வங்கி தரும் கடன் கடிதத்துக்கு 28 நாள் விதி கிடையாது. ஆனால் இந்த மாதத்துக்குள் கிடைப்பது கஷ்டம்.

நெல்லைப் பொண்ணு

மாமா அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். இன்னொன்று அக்கா. பாஸ்புக்கில் அப்பா பெயர் இனிஷியலோடு இருக்கிறது. என் பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் இல்லை, அதுவும் தமிழில் மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என் சர்நேமாக இருக்கிறது. இதெல்லாம் ஒரே ஆள் என்று அவர்களுக்கு எப்படிப் புரியும்?

வங்கி அக்கா

நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிற தலைவலி இது. கிளை மேலாளரிடம் அப்பாவின் முழுப்பெயர், கணக்கு எண் போட்டு ஒரு கடிதம் வாங்கு. லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடு வை. அப்பா எழுதும் சம்மதக் கடிதத்தில், "இவள் என் மகள், என் பணத்தை இவள் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதம்" என்பதோடு, இரண்டு பெயரும் தன்னுடையதே என்று ஒரு வரி சேர்க்கட்டும். நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரமும் போட்டுவிடு, மனசுக்குத் தைரியம்.

ஷெஃபீல்ட் அண்ணன்

காசநோய் இல்லை என்ற டிபி சான்றிதழ் எடுத்தாயா? எக்ஸ்ரே நாளிலிருந்து 6 மாதம்தான் செல்லும். அப்புறம், விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணமும் கட்ட வேண்டும், வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருட முதுகலைக்கு விசா ஒரு வருடத்தைத் தாண்டும், அதனால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 வரும். அதையும் மாமா கார்டில் கட்டு. வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பை முன்னாடியே ஏற்றி வைக்கச் சொல்.

நெல்லைப் பொண்ணு, செப்டம்பர் 9

மாமா 14ஆம் தேதி அனுப்பிய பணம் 18 அன்று சேர்ந்தது. மறுநாள் திருத்திய காஸ் வந்தது. அன்று வரைக்கும் ஸ்டேட்மெண்ட் எடுத்து, 20 அன்று விண்ணப்பித்தேன். 24 அன்று சென்னையில் கைரேகை.

இன்று காலை மெயில் வந்தது. விசா கிடைத்துவிட்டது. அப்பா வயலில் இருந்தார், வரப்பிலேயே ஓடிப்போய்ச் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அந்த அக்காவுக்கும் அண்ணனுக்கும் சொல்லிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். சொல்லிவிட்டேன்.