இன்ஜெக்டர் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் பிடிக்கவில்லை, அவசரம்

கொழும்பு ஃபிட்டர்:
வணக்கம். எங்கள் பட்டறையில் உள்ள பழைய நீராவி ரயில் இஞ்சினில், கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரில் பிரச்சினை. காலையில் நன்றாகப் பிடிக்கிறது. கொஞ்ச நேரம் ஓட்டியபின் திறந்தால், ஓவர்ஃபுளோ குழாயால் நீராவியும் தண்ணீருமாக வெளியே அடிக்கிறது, கொதிகலனுக்குள் ஒரு சொட்டும் போவதில்லை. கழற்றி, உள்ளே இருக்கும் கூம்புக் குழாய்களான கோன்களைக் கழுவிப் பூட்டியும் அதே கதைதான். போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு உரிமையாளர் விருந்தினர்களைக் கூப்பிட்டுவிட்டார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

களனிவெளி:
எந்த இஞ்சின் தம்பி? தண்ணீர்த் தாங்கி இஞ்சினின் பக்கத்திலா, பின்னால் இழுக்கும் ரெண்டர் வண்டியிலா? இன்ஜெக்டர் தாங்கியின் அடிமட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? ஒன்று மட்டும் சண்டித்தனம் செய்கிறதா, இரண்டுமா? பிடிக்காத நேரத்தில் அழுத்தம் எவ்வளவு? இது எதுவும் தெரியாமல் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

யாழ் நீராவி:
சுண்ணாம்புப் படிவுதான், வேறொன்றும் இல்லை. கழுவினால் போகாது, மென்மையான அமிலத்தில் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வரும் தண்ணீர், கேத்திலிலேயே வெள்ளையாகப் படியும். கோனின் துளையில் மெல்லிய படிவு இருந்தாலே போதும், பாயும் ஜெட் சிதறிவிடும்.

மருதானை வாசி:
கொழும்பில் குழாய்த் தண்ணீர் அம்பத்தலையிலிருந்து வருகிறது, களனி ஆற்றுத் தண்ணீர். அதில் அவ்வளவு சுண்ணாம்பு கிடையாது. யாழ்ப்பாணத்து வைத்தியத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் அண்ணே. எனக்குச் சந்தேகம் உறிஞ்சும் பக்கத்து ஹோஸில்தான். உள்ளே இருக்கும் றப்பர் உரிந்து, உறிஞ்சும்போது அப்படியே மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் புதிதுபோல் இருக்கும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கம்பிச்சுருள் வைத்த ஹோஸ் கிடைக்கும், மாற்றிப் பாருங்கள்.

யாழ் நீராவி:
சுண்ணாம்பு குறைந்த தண்ணீர் என்றால் கொதிகலனுக்கு நல்லது என்று யார் சொன்னது? அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் தகட்டைக் குழி குழியாக அரிக்கும். இரண்டுக்கும் மருந்து போட்டே ஆக வேண்டும். ஆற்றுத் தண்ணீர் என்றதும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

பழைய ஷெட்:
நான் தெமட்டகொட ரயில் இஞ்சின் ஷெட்டில் வளர்ந்த குடும்பம். இந்தத் தளத்தில் எத்தனை தரம் எழுதிவிட்டேன், தேடிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. இன்ஜெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் ஏன் கழற்றினீர்கள்? 1858இல் கிஃபார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த பொருள். நீராவி கோனுக்குள் வேகமெடுத்துக் குளிர்ந்த தண்ணீரைச் சந்திக்கிறது, அங்கே ஒடுங்கித் தண்ணீராகிறது, அந்த வேகம் கடைசியில் உள்ள டெலிவரி கோனில் அழுத்தமாக மாறிக் கொதிகலனின் அழுத்தத்தையே வெல்கிறது. தண்ணீர் சூடானால் நீராவி ஒடுங்காது. ஒடுங்காவிட்டால் ஜெட் உடையும், எல்லாம் ஓவர்ஃபுளோவால் வரும். காலையில் பிடிக்கிறது, பிறகு பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படிவாக இருந்தால் பெரும்பாலும் காலையிலும் தொல்லை கொடுத்திருக்கும். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

கொழும்பு ஃபிட்டர்:
மன்னிக்கவும், வேலை நேரம். 2 அடி 6 அங்குலப் பாதை, சின்ன இஞ்சின், இரு பக்கமும் தாங்கி. இன்ஜெக்டர் தாங்கிக்குக் கீழே. எண்ணெய் பர்னர். வலது பக்கம்தான் கூடுதலாகத் தொல்லை, இடது எப்போதாவது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தல் அளவில். தண்ணீர் குழாய்த் தண்ணீர். ஹோஸ் கிடையாது, செப்புக் குழாய்.

களனிவெளி:
இப்போது வழி தெரிகிறது. இன்ஜெக்டர் தாங்கிக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் தானாக வரும், ஹோஸும் இல்லை, ஆகவே அந்தச் சந்தேகம் போய்விட்டது. மிச்சம் சூடு. அது மூன்று இடத்தால் வரலாம். ஒன்று, தாங்கியே. கொதிகலனை ஒட்டி நிற்கிறது, கொழும்பு வெயில் வேறு. பிடிக்காத நேரத்தில் தாங்கிக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடுகிறதென்றால் அதுதான். இரண்டு, நீராவி வால்வு முழுதாக மூடாமல் கசிந்து இன்ஜெக்டரைச் சூடாக்குவது. மூன்று, தண்ணீரைக் கொதிகலனுக்குள் மட்டும் போகவிடும் கிளாக் வால்வு சரியாக இருக்கையில் உட்காராமல் கொதிநீரைத் திருப்பி விடுவது.

இரண்டையும் மூன்றையும் பிரிக்கச் செய்ய வேண்டியது இது. எல்லாவற்றையும் மூடி, கொஞ்ச நேரம் விட்டு, டெலிவரிக் குழாயை இன்ஜெக்டரிலிருந்து கிளாக் வரை துணி சுற்றிய கையால் தடவுங்கள். கிளாக்கில் கொதித்து, இன்ஜெக்டர் பக்கம் வரவரச் சூடு குறைந்தால் கிளாக். இன்ஜெக்டரின் நீராவிப் பக்கமே கொதித்து, டெலிவரிக் குழாய் ஆறியிருந்தால் நீராவி வால்வு. அப்புறம் இன்ஜெக்டரின் மேல் ஈரத்துணி போட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி உடனே திறந்து பாருங்கள். பிடித்தால் சூடுதான் காரணம் என்பது உறுதி.

ஒன்று மட்டும் தயவுசெய்து: இரண்டு இன்ஜெக்டரும் ஒன்றாகக் கைவிட்டால் யோசிக்காமல் பர்னரை அணைத்துவிடுங்கள். நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் மறையும்வரை காத்திருக்க வேண்டாம். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு தண்ணீரின்றிக் காய்ந்தால், சூட்டில் உருகி எச்சரிக்கும் உருகு செருகி காப்பாற்றும் என்று நம்பி நிற்கக் கூடாது. கிளாக்கைத் திறப்பதென்றால் அழுத்தம் பூச்சியமாகி இஞ்சின் ஆறிய பிறகுதான்.

பழைய ஷெட்:
இதைத்தான் நானும் சொன்னேன். விருந்தினருக்காக இப்படிப் பயந்து பயந்து ஓட்டுவதைவிட அந்த இஞ்சினைக் கடுகண்ணாவைக்குக் கொடுத்துவிடலாம். 2014 டிசம்பர் 27இல் அங்கே தேசிய புகையிரத நூதனசாலை திறந்தார்களே, 1864இல் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ போன அதே நாளில். கூரைக்கடியில் பத்திரமாக நிற்கும்.

மருதானை வாசி:
நிற்கும், ஆனால் செத்து நிற்கும். வைஸ்ரோய் ஸ்பெஷல் என்ற சுற்றுலா ரயிலை இழுத்த நீராவி இஞ்சின்கள் இத்தனை காலம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அவற்றை ஓட்டியதுதான். ஓடாத இஞ்சினுக்கு யாரும் கொதிகலன் தகடுகளைப் பிணைக்கும் ஸ்டே போல்ட் அடித்துப் பழகமாட்டார்கள். கைவேலை தெரிந்தவர் ஓய்வுபெற்றால் அந்த வேலையும் அவரோடு போய்விடும். களனிவெளி ரயில் பாதையை 1990களில் அகலமாக்கினார்கள், சின்னப் பாதை இஞ்சின்களை யார் கேட்டார்கள்?

பழைய ஷெட்:
ஓட்டினால் தேயும். பழைய தகட்டை வெட்டிப் புதுத் தகடு போடப் போட, கடைசியில் எது பழைய இஞ்சின்? எங்கள் தாத்தா துடைத்த பித்தளை மூடி அப்படியே இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதில் தவறில்லை.

மருதானை வாசி:
தவறில்லை ஐயா. ஆனால் உங்கள் தாத்தா அதைத் துடைத்தது ஓட்டுவதற்காக.

யாழ் நீராவி:
இருவரும் வேறு இழை தொடங்கிப் பேசுங்கள், தம்பிக்குப் போயா வருகிறது. தம்பி, கிளாக் என்றால் இருக்கையில் படிவுத் துண்டு சிக்கியிருக்கும். படிவு என்று நான் முதலிலேயே சொன்னேன்.

களனிவெளி:
கிளாக்கில் சிக்குவது துருத் துகளாகவும் இருக்கலாம், பேக்கிங் துண்டாகவும் இருக்கலாம். திறந்தால்தான் தெரியும்.

கொழும்பு ஃபிட்டர்:
வலது கிளாக்தான். ஈரத்துணி போட்டதும் பிடித்தது, குழாயிலும் நீங்கள் சொன்ன மாதிரியே சூடு. ஆறவிட்டுத் திறந்தோம். இருக்கையில் ஒரு பக்கம் கோடு விழுந்திருந்தது. எங்கள் மேஸ்திரி பாஸ், அரைக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, எங்கே படுகிறது என்று தெரிய நீலம் பூசிப் பார்த்து, சுற்றிவர ஒரே மாதிரிப் பதியும்வரை செய்தார். இப்போது மதியமும் பிடிக்கிறது. களனிவெளி அண்ணே, பெரிய நன்றி.

களனிவெளி:
சந்தோஷம். இடது பக்கத்துக் கிளாக்கையும் போயாவுக்கு முன்னரே திறந்து பாருங்கள், எப்போதாவது என்றீர்களே. அடுத்தது, நீர் அழுத்தச் சோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள், எவ்வளவு அழுத்தத்தில்?

யாழ் நீராவி:
கோடு எந்தத் துகளால் விழுந்தது என்று பார்த்தீர்களா?

மருதானை வாசி:
தம்பி, இருக்கிறீர்களா?