சில்கூட் கணவாயை நடந்தே கடக்க என்ன ஏற்பாடுகள் வேண்டும்?

கேள்வி: 1897-98இல் கனடாவின் குளோண்டைக் பகுதித் தங்கத்தைத் தேடிப் பல்லாயிரம் பேர் ஏறிச் சென்ற சில்கூட் பாதையில், அலாஸ்காவின் டையாவிலிருந்து பென்னட் ஏரி வரை நடக்க விரும்புகிறேன். எவற்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்?

மறுமொழி: அனுமதிச் சீட்டு, கடவுச்சீட்டு இரண்டும் தேவை, 53 கிலோமீட்டர் பாதை கணவாயின் உச்சியில் கனடாவுக்குள் நுழைகிறது. வெள்ளச் சேதத்தால் பாதை மூடப்படுவதுண்டு என்பதால், இரு நாட்டுப் பூங்கா நிர்வாகங்களிடமும் விசாரித்துவிடுங்கள்.

மறுமொழி: உச்சிக்குக் கீழுள்ள ‘பொற்படிகள்’ சரிவில் கைகளையும் ஊன்றித்தான் பாறைகளில் ஏற முடியும். அன்று ஓராண்டுக்கான உணவின்றி வந்த தங்கத் தேடிகளைக் கனடாக் காவல்படை உள்ளே விடாததால், ஏறத்தாழ ஒரு டன் சுமையை அவர்கள் அதே சரிவில் பலமுறை ஏறியிறங்கிக் கொண்டுசேர்த்தார்கள். வழியோரம் துருப்பிடித்துக் கிடக்கும் கருவிகளையும் பழைய காலணிகளையும் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றை எடுப்பது சட்டப்படி குற்றம்.

மறுமொழி: பென்னட்டுக்குச் சாலை கிடையாது, திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்த பிறகே புறப்படுங்கள்.