பாசித் தரையில் அம்மா மட்டும் வழுக்கி விழுகிறார், காரணம் என்ன?

கேள்வி:
எங்கள் கொல்லையில் கிணற்றடியிலிருந்து துவைக்கிற கல் வரை சிமெண்டுத் தரை. ஐப்பசி மழை பிடித்தால் பாசி படிந்துவிடும். வீட்டில் எல்லோரும் அதில்தான் நடக்கிறோம். 67 வயது அம்மா மட்டும் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வழுக்கிவிட்டார். முதல் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை மல்லாக்க விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறிவு இல்லை. "காலில் பலம் இல்லை" என்கிறார், ஆனால் மாடிப்படி நன்றாக ஏறுகிறார். இப்போது பயத்தில் காலை விறைத்துக்கொண்டே நடக்கிறார். பலக்குறைவுதானா?

பதில்:
நான் பிசியோதெரபிஸ்ட். இரண்டு விவரம் சொல்லுங்கள். விழுந்தது எந்த நேரம்? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?

கேட்டவர்:
இரண்டு தடவையும் விடியற்காலை 5 மணி வாக்கில். அங்கே விளக்கு கிடையாது. சர்க்கரை 12 வருடமாக இருக்கிறது.

பதில்:
அப்படியானால் பலத்தைவிடப் பாதத்தின் உணர்ச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் என்று மூன்று இடத்திலிருந்து வரும் சேதியை வைத்துத்தான் மூளை உடம்பை நிமிர்த்தி வைக்கிறது. சமதரையில் சாதாரணமாக நடக்கவே உராய்வுக் கெழு, அதாவது தரை பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் அளவு, 0.2 வாக்கில் தேவை. ஈரப் பாசி அதைத் தராது. குதிகால் ஊன்றியதும் முன்னே ஓடிவிடும், உடம்பு பின்னே தங்கிவிடும். மல்லாக்க விழுவது இதனால்தான்.

உங்களுக்கும் அங்கே தினமும் சறுக்கத்தான் செய்யும். ஓரிரு சென்டிமீட்டர் சறுக்கல் நமக்குத் தெரிவதே இல்லை. சறுக்கல் கூடினால் பாதம் சொன்ன உடனே முழங்கால் மடங்கும், பின்கால் சட்டென்று தரையில் ஊன்றும், கைகள் விரியும். நாம் யோசிப்பதற்கு முன்பே இதெல்லாம் நடந்துவிடும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் அந்தச் சேதி தாமதமாகவும் மங்கலாகவும் போகும். பகலில் கண் ஈடுகட்டும், இருட்டில் அதுவும் இல்லை.

விறைத்து நடப்பது ஆபத்து. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் ஒன்றாகப் படும்படி வைக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். சில நிமிட வேலைதான். தலைசுற்றல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொருவர்:
அண்ணா, பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு ஆசிட் மட்டும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். அடி தேய்ந்த ரப்பர் செருப்பையும் மாற்றிவிடுங்கள். வெறுங்கால் வேண்டாம், மரத்த காலில் காயம் பட்டால் தெரியாது.

கேட்டவர்:
விளக்கு போட்டாயிற்று, பாசியையும் தேய்த்துவிட்டோம். இன்று சோதனையில் வலது பாதத்தில் நான்கு இடத்தில் இழை பட்டது அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டேன். நடக்கும்போது செருப்பு கழன்று போவதே சில சமயம் தெரிவதில்லை என்றார். ஒரு வருடமாக இப்படியாம், எங்களிடம் சொல்லவே இல்லை. நரம்பு டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமை போகிறோம்.