பெடலை மிதித்தால் ஒலி அறுந்துபோகிறது: கிட்டில் கட்டிய ஓவர்டிரைவில் எங்கே தவறு?

ஒன்றரைக்கட்டை:

ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் காலடிப் பெட்டி) ஒன்றை கிட்டாக, அதாவது உதிரிபாகங்களாக வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தேன். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தது இதுதான் முதல் முறை. பெடல் அணைந்திருக்கும்போது கிட்டார் ஒலி சுத்தமாக ஆம்ப்புக்குப் போகிறது. சுவிட்சை மிதித்தால் எல்இடி எரிகிறது, ஆனால் ஒலி கெட்டுவிடுகிறது. மெல்ல மீட்டினால் ஒன்றுமே கேட்பதில்லை. பலமாக அடித்தால் மட்டும் காகிதம் கிழிவதுபோல ஒரு சத்தம் வந்து, அந்தக் கணமே அறுந்துவிடுகிறது.

ஒலியைப் பெருக்கும் சில்லான ஐசியின் 8-ம் காலில் 8.9 வோல்ட் இருக்கிறது, 4-ம் காலில் பூஜ்யம். டையோடுகளின் பட்டை, கெப்பாசிட்டர்களின் திசை எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். ஐசி கெட்டிருக்குமோ? வேறொன்று வாங்கலாமா? கிட்டார் கற்கும் என் மகளுக்காகக் கட்டியது இது. இரவில் மேசை விளக்கடியில் பக்கத்தில் உட்கார்ந்து ரெசிஸ்டர்களைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்துக் கொடுத்தவளும் அவள்தான். எப்படியாவது இதைப் பாட வைத்துவிட வேண்டும்.

பழைய ஆம்ப்:

சரியாகப் பிடிக்காத ஈயப்பற்று எங்காவது இருக்கலாம். மங்கலாக, உருண்டை கட்டி நிற்கும் ஈயம் கண்ணில் பட்டால் அதை மீண்டும் சூடாக்கி ஓடவிடுங்கள். ஐசி சாக்கெட்டில் இருந்தால் வேறொரு 4558 (அந்த ஐசியின் எண்) போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

ஈயப்புகை:

நண்பரே, ஐசியை இப்போதைக்குத் தொடாதீர்கள். சாக்கெட் இல்லாமல் நேராகப் பற்றவைத்திருந்தால் கட்டாயம் தொடாதீர்கள். என் முதல் போர்டில் சந்தேகத்தின் பேரில் எட்டுக் கால் ஐசியைப் பிடுங்கினேன். கூடவே மூன்று செப்பு வளையங்களும் உரிந்து வந்துவிட்டன. ஐசியில் குறை எதுவும் இல்லை. அந்த போர்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறி எனக்கு மிகவும் பழக்கமானது. மெல்ல மீட்டினால் மௌனம், பலமாக அடித்தால் கிழிசல் என்றால் பெரும்பாலும் பயாஸ் கோளாறு. கிட்டார் அனுப்பும் சிக்னல் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுவது. பெடலில் இருப்பதோ 0 முதல் 9 வோல்ட் வரை மட்டும். அதனால் சிக்னலை நடுவில், 4.5 வோல்ட்டில் தூக்கி வைத்தால்தான் இருபுறமும் ஆட இடம் கிடைக்கும். இப்படித் தூக்கி வைப்பதுதான் பயாஸ். அதற்காகவே 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வரிசையாக நிற்கின்றன. அவை சந்திக்கும் இடத்தில்தான் 4.5 பிறக்கிறது. அந்த நடுப்புள்ளி தரையோரம் இறங்கிவிட்டால் சிக்னல் முழுவதும் தரையில் மோதி, உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும்.

மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையை அந்தச் சந்திப்பில் தொட்டு, என்ன வருகிறது என்று எழுதுங்கள். ஐசியின் 1, 7-ம் கால்களையும் அளந்துகொள்ளுங்கள். அவையும் 4.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

ஒன்றரைக்கட்டை:

சந்திப்பில் 0.8 வோல்ட்தான் இருக்கிறது! 1, 7-ம் கால்களும் 4.5-க்கு அருகில்கூட இல்லை. அங்கே 10 கிலோ ரெசிஸ்டர்களைத்தான் போட்டேன், நிறப்பட்டியலைப் பார்த்துத்தான் போட்டேன்.

ஈயப்புகை:

இந்த 0.8 என்ற எண்ணே பதிலைச் சொல்லிவிட்டது. 9 வோல்ட் பக்கம் 100 கிலோ, கிரவுண்டு பக்கம் 10 கிலோ என்று வைத்துக் கணக்கிடுங்கள்: 9-ஐ 10-ஆல் பெருக்கி 110-ஆல் வகுத்தால் 0.82. மேலே இருப்பது 10 கிலோ அல்ல, 100 கிலோ.

உங்கள் கிட்டில் வந்தவை நீல உடலும் ஐந்து பட்டைகளும் கொண்டவையா? அப்படியானால் 10 கிலோவுக்கு பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. 100 கிலோவுக்கு பழுப்பு, கறுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, பழுப்பு. நீலத்தின் மேல் பூசிய சிவப்பையும் ஆரஞ்சையும் மஞ்சள் விளக்கொளியில் பிரித்தறிவது எந்தக் கண்ணுக்கும் கடினம். உங்கள் மகள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்த பிறகே போர்டில் செருகுவது என் வழக்கம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்தான் ஆகும்.

மின்சாரத்தைத் துண்டித்து, சற்றுப் பொறுத்து, அந்த ரெசிஸ்டரை போர்டிலேயே அளந்து பாருங்கள். பக்கத்துப் பாதைகளின் வழியாக மதிப்பு குறைத்துக் காட்டப்படலாம், கூட்டிக் காட்டப்படாது. ஆகவே 10 கிலோவைத் தெளிவாகத் தாண்டினாலே உறுதி.

கழற்றும்போது முழுதாக இழுக்காதீர்கள். உடலை நடுவில் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் எடுங்கள். ரெசிஸ்டர் வீணாகும், போர்டு பிழைக்கும்.

நைலான்தந்தி:

பயாஸ் சரியாகியும் ஒலி வரவில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். பழைய கிட்டார் கேபிள் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். வெளிவலையை பெடலின் கிரவுண்டோடு இணையுங்கள். மறுமுனை ஆம்ப்பில், வால்யூமைக் குறைத்து. கெப்பாசிட்டரின் நுனியால் உள்ளே வரும் ஜாக்கிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனால், ஒலி எங்கே செத்துப்போகிறது என்று காதே சொல்லிவிடும்.

ஒன்றரைக்கட்டை:

ஈயப்புகை ஐயா, அதேதான். மீட்டர் 10 கிலோவை வெகுவாகத் தாண்டியது. பகல் வெளிச்சத்தில் சாளரத்தோரம் பிடித்துப் பார்த்தபோது பட்டை பளிச்சென்று ஆரஞ்சு. நீங்கள் சொன்னபடியே வெட்டி எடுத்து, கையிருப்பில் இருந்த 10 கிலோ ஒன்றை அளந்து போட்டேன். இப்போது 4.4 வோல்ட்.

மகள்தான் முதலில் மீட்டினாள். ஒற்றை ஸ்வரம் ஒன்றைப் பிடித்து விரலை அசைத்தாள். அது அறுபடாமல் நீண்டுகொண்டே போய் மெல்லத் தேய்ந்தது. இரண்டு பேரும் பேசவில்லை.

இரண்டு சந்தேகங்கள். அங்கே 100 கிலோ போய்விட்டதென்றால், 100 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ உட்கார்ந்திருக்குமே? இன்னொன்று, தடித்த ஆறாம் தந்தி கொஞ்சம் மெலிந்து ஒலிக்கிறது. இதுவும் பிழையா?

ஈயப்புகை:

வாழ்த்துகள், மகளுக்கும்! அந்த 100 கிலோவின் இடம் பெடலிலிருந்து ஒலி வெளியேறும் வெளிவாயாகத்தான் இருக்கும். ஐபனெஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர் மாடலான டிஎஸ்9-இல் வெளிவாயிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ. அதற்கு முந்தைய டிஎஸ்808-இல் அதே இடத்தில் 10 கிலோ. ஆகவே கெடுதல் ஒன்றும் இல்லை, அப்படியே விடலாம்.

ஆறாம் தந்தி மெலிவது பிழை அல்ல. ஒலியைப் பெருக்கும் கட்டத்தில் 4.7 கிலோ ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. மற்ற வாத்தியங்களோடு வாசிக்கும்போது கிட்டார் முட்டாமல் முன்னே வந்து நிற்பது இதனால்தான். தனியாக வாசிக்கும்போது அடிக்கனம் வேண்டுமென்றால் 0.047-ஐ எடுத்துவிட்டு 0.1 போடுங்கள். ஆனால் ஒரு மாதமாவது இப்படியே மகள் வாசிக்கட்டும். மாற்றுவதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும்.