இழை: 'வாசல்' என்று எழுத மனம் வரவில்லை, சொல் தாருங்கள்

பாடம் எழுதுபவர்:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஒப்பிலக்கியத் தாளுக்காக மரீ த பிரான்சின் 'லான்வல்' கதையைப் பாடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 12-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைப்பாட்டு, 646 அடி. பெந்தெகொஸ்தே திருநாளில் ஆர்தர் அரசன் தன் வீரர்களுக்கு நிலமும் மணப்பெண்ணும் வழங்குகிறான். லான்வலை மட்டும் மறந்துவிடுகிறான். லான்வலும் வாய் திறந்து கேட்கவில்லை. வினை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

தலைவனிடம் உறுதி சொல்லிச் சேவகம் ஏற்றவன், அதற்காக அவன் பெறும் நிலம், இருவருக்கும் நடுவே உள்ள கட்டு. இந்த மூன்றுக்கும் சொல் வேண்டும். முதலாமவனை ஆங்கிலத்தில் vassal என்பார்கள், அதை ஒலிபெயர்த்து 'வாசல்' என்று போட்டால் பிள்ளைகள் கதவைத் தேடுவார்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்:

இதற்கு ஏனம்மா இவ்வளவு யோசனை? ஆளுக்குச் 'சிற்றரசர்', நிலத்துக்கு 'மானியம்', கட்டுக்குச் 'செஞ்சோற்றுக்கடன்'. நிலமானிய முறை என்பது பள்ளிப் புத்தகத்திலேயே வருகிறது. "போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்" என்று கும்பகருணன் சொல்வதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்?

கோவையிலிருந்து ஒருவர்:

> சிற்றரசர்... செஞ்சோற்றுக்கடன்

இரண்டுமே பொருந்தவில்லை ஐயா. லான்வல் ஓர் அரசனின் மகன்தான், ஆனால் பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் இருக்கிறான். ஆர்தரிடம் ஒரு காணி நிலம் பெறவில்லை, கையிருப்பும் கரைந்துவிட்டது. அவன் எப்படிச் சிற்றரசன்? செஞ்சோற்றுக்கடனோ ஒருபக்கக் கடன். அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டும் கும்பகருணன் சாகப் போகிறான். ஐரோப்பியரின் அந்தக் கட்டுமுறையில் தலைவனுக்கும் கடமை உண்டு. தலைவன் தவறினால் கட்டை அறுத்துக்கொண்டு போகவும் வழி உண்டு.

1127-இல் பிளாண்டர்ஸ் கோமகன் வில்லியமுக்கு முன் நடந்த சடங்கை புரூஜ் நகரத்துக் கல்பேர் எழுதி வைத்திருக்கிறார். "முழுமையாக என் ஆளாக விரும்புகிறாயா?" என்று கோமகன் கேட்கிறான். "விரும்புகிறேன்" என்று சொல்லி, வந்தவன் கூப்பிய கைகளை நீட்டுகிறான். கோமகன் அவற்றைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொள்கிறான். அப்புறம் ஒரு முத்தம். அந்தச் சடங்குக்குப் பிரெஞ்சில் உள்ள பெயரே (hommage) 'மனிதன்' (homme) என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஆகவே என் பரிந்துரை: 'ஆள்', 'ஆளாதல்'. "அவர் எம்எல்ஏவோட ஆளு" என்கிறோமே, அதே ஆள். "மீளா அடிமை உமக்கே ஆளாய்" என்று தொடங்கும் சுந்தரர், அதே பாட்டில் "வாளாங்கிருப்பீர்... வாழ்ந்து போதீரே" (எங்கள் துயர் கேட்டும் சும்மா இருப்பீர், நீரே வாழ்ந்து போம்) என்று ஆரூர்ச் சிவனையே இடிக்கிறார் பாருங்கள். லான்வல் ஆர்தரிடம் கேட்காமல் விட்டது அதைத்தான்.

சென்னையிலிருந்து ஒருவர்:

'ஆள்' என்றால் எனக்குப் பண்ணையாள், படியாள்தான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் சொன்ன அந்த முத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வாயில் இடும் முத்தம், இருவரையும் ஒரு படியில் நிறுத்துவது. எந்த மிராசுதார் தன் பண்ணையாளை முத்தமிட்டார்? உயர்குடி வீரனை இந்தச் சொல் கீழே இறக்கிவிடும்.

கோவை:

வாசல் என்ற சொல்லும் கீழிருந்து ஏறியதுதான் ஐயா. பழைய கெல்டியத்தில் அதன் மூலத்துக்கு வேலைக்காரன் என்று பொருள். வேல்சு மொழியில் 'க்வாஸ்' இன்றும் பணியாள்தான். அந்தச் சொல் ஏறலாம், நம் ஆள் ஏறக் கூடாதா?

மதுரையிலிருந்து ஒருவர்:

மானியம் வடசொல், தள்ளுங்கள். அந்த நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயரான fief என்பதன் வேர், பழைய பிராங்கிய மொழியில் கால்நடை என்று சொல்வாருண்டு. நமக்கும் மாடென்றால் செல்வம், "மாடல்ல மற்றை யவை." எனவே 'மாடு' அல்லது 'மாட்டுநிலம்'...

பாடம் எழுதுபவர்:

ஐயா, "ஆர்தர் வீரர்களுக்கு மாடு வழங்கினான்" என்று நான் எழுத முடியாது.

மதுரை:

சரி, மாட்டை விடுங்கள். புறம் 312-க்குப் போவோம். "நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே" என்ற இடத்தில் 'தண்ணடை' என்றும் பாடம் உண்டு. தண்ணடை என்றால் மருதநிலத்து ஊர், வீரனுக்கு வேந்தன் கொடுப்பது. புறம் 297-இலும் "தண்ணடை பெறுதலும் உரித்தே" என வருகிறது. நிலத்துக்குத் தண்ணடை. கட்டுக்குக் 'கடன்' மட்டும் போதும், சோறு வேண்டாம். அந்தப் பாட்டில் தாய்க்கும் கடன், தந்தைக்கும் கடன், கொல்லனுக்கும் கடன், வேந்தனுக்கும் கடன், காளைக்கும் (இளவீரனுக்கும்) கடன். உங்கள் ஆர்தர் தவறியது வேந்தன் கடனில்.

திருச்சி:

'கடன்' என்றால் மாணவன் வங்கியைத்தான் நினைப்பான். தண்ணடைக்கு அகராதி புரட்ட வேண்டும். புரியாத தூய்மை யாருக்கு?

பாடம் எழுதுபவர்:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுப் பார்த்தேன். அரசியை அவமதித்தான் என்று லான்வல் மேல் வழக்கு எழுந்து, தீர்ப்புக்கு நாள் குறிக்கும்போது, அவனுக்குப் பிணை நிற்கச் சக வீரன் கவெய்ன் முன்வருகிறான். அரசன் சொல்வது: "என்னிடம் நீங்கள் பெற்ற நிலங்களையும் மானியங்களையும் ஈடாக வைத்தால் ஏற்கிறேன்." இங்கே 'தண்ணடைகளையும்' என்றால் நாக்கு தடுக்குகிறது. மானியம் நிற்கட்டும். அதற்கு முன், அரசி தன் காதலைச் சொல்லும்போது லான்வல் மறுப்பது: "நெடுநாள் அரசனுக்கு ஆளாக இருக்கிறேன், அவனுக்குத் தந்த வாக்கை மீற மாட்டேன்." இங்கே ஆள் அழகாக உட்காருகிறது. 'சிற்றரசனாக' என்றால் பொருளே கெட்டுவிடும். கட்டுக்கு 'ஆட்கடன்' என்று வைத்து, இரு பக்கக் கடன் என முதல் இடத்திலேயே ஒரு வரி விளக்கம் தருகிறேன். நாளை கோப்பை அனுப்புகிறேன்.

சென்னை:

ஆளுக்கு என் மறுப்பு பதிவாக இருக்கட்டும்.

மட்டக்களப்பிலிருந்து ஒருவர்:

பிந்தி வருகிறேன், மன்னிக்கவும். எங்கட பக்கம் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்று நிலப்பிரிவுக்கே 'பற்று' என்றுதான் பெயர். சோழர் கல்வெட்டிலும் ஜீவிதப்பற்று (சேவகத்துக்காக விட்ட நிலம்) இருக்கிறது. நிலமும் பற்று, விசுவாசமும் பற்று. ஒரே சொல்லில் இரண்டும் முடிந்துவிடும். கோப்பு போய்விட்டதா?

திருச்சி:

பற்று வரவு எழுதும் வணிகவியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மதுரை:

வரட்டும். பற்றின் வேரைப் பற்றி நாளை தனி இழை தொடங்குகிறேன்.