1950-ல் என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. இரண்டு கோப்பையும் சிட்டி காலேஜுக்கு: அப்புறம் என்ன ஆச்சு?

கார்னர் ஷூட்டர்:
அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்துப் போட்டியின் சாம்பியன்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1949-50 சீசனில் சிட்டி காலேஜ் ஆஃப் நியூயார்க். கல்லூரிகளுக்கான இன்னொரு கோப்பை என்.ஐ.டி. அந்தப் பட்டியலைத் திறந்தால் அங்கேயும் அதே வருஷம் அதே கல்லூரி. இரண்டு இறுதி ஆட்டத்திலும் எதிரணி பிராட்லி பல்கலைக்கழகம். கென்டக்கி, கேன்சஸ் எல்லாம் இன்றைக்கும் கொடிகட்டிப் பறக்கின்றன. சிட்டி காலேஜ் மட்டும் கடைசி அடுக்கான மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறது. சூதாட்டம் என்று எங்கேயோ ஒரு வரி படித்தேன். காசு வாங்கிக்கொண்டு தோற்பவன் எப்படி இரண்டு கோப்பை ஜெயிப்பான்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெஞ்ச் பார்ட்டி:
எல்லாம் செட்டப்பாக இருக்கும் பாஸ். நாட்டிலேயே நம்பர் ஒன் அணியைப் பத்து நாள் இடைவெளியில், ஒரே அரங்கத்தில், இரண்டு தடவை அடிப்பதெல்லாம் நம்புகிற மாதிரியா இருக்கு? கிரிக்கெட்டில் 2000-ல் பார்க்காததா.

டேபிள் அஃபீஷியல்:
மொத்தமாக செட்டப் என்று தள்ளிவிடாதீர்கள் தம்பி. பின்னால் போட்ட சூதாட்ட வழக்கில் வந்த ஆட்டங்களில் அந்தக் கோப்பை ஆட்டங்கள் எதுவும் கிடையாது. நான் மாவட்டப் போட்டிகளில் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுகிறவன். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட எத்தனை புள்ளியில் என்பதுதான் என் கண்ணில் முதலில் படும். இந்தக் கதைக்குச் சாவியும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதலில் அணி. சிட்டி காலேஜ் ஹார்லெமில் இருக்கும் அரசுக் கல்லூரி, அன்றைக்குக் கட்டணம் கிடையாது. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் படித்த இடம். ஐந்து பேரில் எட் வார்னர், ஃப்ளாய்ட் லேன் இருவரும் கறுப்பினத்தவர். எட் ரோமன், ஆல் ராத், இர்வின் டாம்ப்ராட் மூவரும் யூதர்கள். டாம்ப்ராட் மட்டும் கடைசி வருஷ மாணவர், மற்ற நால்வரும் இரண்டாம் வருஷம். கோச் நாட் ஹோல்மன், ஒரிஜினல் செல்டிக்ஸ் என்ற பழைய தொழில்முறை அணியின் நட்சத்திரம்.

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் நடந்த என்.ஐ.டி. கால் இறுதியில் இவர்களுக்கு வாய்த்தது கென்டக்கி. 1948, 1949 இரண்டு வருஷமும் என்.சி.ஏ.ஏ. ஜெயித்த அணி, அடால்ஃப் ரப் கோச், அத்தனை பேரும் வெள்ளையர்கள். ஸ்கோர் 89-50. ரப்பின் வாழ்நாளிலேயே மோசமான தோல்வி அது. அப்புறம் அரை இறுதியில் டுகேன் அணியை ஜெயித்து, மார்ச் 18 இறுதியில் பிராட்லியை 69-61 என்று வீழ்த்தினார்கள்.

என்.சி.ஏ.ஏ. இறுதி மார்ச் 28. கடைசி நிமிஷத்தில் சிட்டிக்கு இருந்த ஆறு புள்ளி முன்னிலை உருகி 69-68 ஆகிவிட்டது. பிராட்லியின் ஜீன் மெல்கியோரே, குள்ளமான ஆள், கூட்டத்துக்குள் புகுந்து ஷாட்டுக்கு எழும்பினார். டாம்ப்ராட் பந்தைத் தட்டிப் பறித்து, நிமிர்ந்து பார்த்து, எதிர் முனைக்கு ஒரே வீச்சு. அங்கே தனியாக ஓடிக்கொண்டிருந்தவர் நார்ம் மேகர். முதல் பாதியில் மோதி நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர். கூடைக்குக் கீழே போய் சுலபமாக ஒரு லே-அப். 71-68. ஒரே வருஷத்தில் இரண்டு கோப்பையும் ஜெயித்த ஒரே அணி இதுதான். இனி இன்னொன்று வர வழியும் இல்லை, இரண்டிலும் ஆடக்கூடாது என்று பின்னால் விதி வந்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்வி. புக்கி, அதாவது பந்தயப் பணம் வாங்குகிறவன், 'சிட்டி 10 புள்ளியில் ஜெயிக்கும்' என்று கோடு போடுகிறான். சிட்டி மேல் பணம் கட்டியவனுக்கு அதைத் தாண்டி ஜெயித்தால்தான் காசு. எதிர்ப்பக்கம் கட்டியவன் ஆட்டக்காரனிடம் என்ன கேட்பான்? "தோற்கவே வேண்டாம் கண்ணா, ஆறு புள்ளியில் ஜெயி, போதும்." இருபது வயசுப் பையனுக்கு இது துரோகமாகவே தோன்றாது. கார்டனில் 18,000 பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யாரோ சம்பாதிக்கிறார்கள், இவன் சட்டைப்பையில் சப்வே காசுதான்.

செய்வதும் சுலபம். ஷாட்டை வேண்டுமென்றே தவறவிட்டால் கேலரியே கண்டுபிடித்துவிடும். டிஃபென்ஸில் அரை எட்டு பின்தங்கினால் யாருக்குத் தெரியும்? ரீபவுண்டுக்கு முதுகைக் கொடுத்து மறிக்காமல் சும்மா கையை மட்டும் தூக்கினால்? பாஸை ஒரு நொடி தாமதித்தால்? ஸ்கோர் ஷீட்டில் இது எதற்கும் கட்டம் கிடையாது. ஆனால் சமையலில் உப்பு குறைக்கிற மாதிரி இதை அளந்து செய்ய முடியாது. 1950-51 சீசனில் மிசௌரி, அரிசோனா, பாஸ்டன் காலேஜ் ஆட்டங்களில் வித்தியாசத்தைக் குறைக்கப் போய் மூன்றிலும் தோற்றே போனார்கள்.

உடைத்துக் காட்டியவர் மன்ஹாட்டன் கல்லூரியின் ஜூனியஸ் கெல்லாக். 1951 ஜனவரியில் 1,000 டாலர் தருவதாக வந்தவர்களைப் பற்றி அவர் நேராகத் தன் கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம், டெம்பிள் அணியைத் தோற்கடித்து ரயிலில் திரும்பிய சிட்டி ஆட்டக்காரர்களை பென் ஸ்டேஷனில் போலீஸ் பிடித்தது. லேன் அப்போது தப்பினார், மாணவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். கொஞ்ச நாளில் அவரும் மாட்டினார். வாங்கிய பணத்தைப் பூந்தொட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

பெஞ்ச் பார்ட்டி:
சரி, ஒத்துக்கறேன். ஆனா நியூயார்க் பசங்க மட்டும்தானா?

டேபிள் அஃபீஷியல்:
அப்படித்தான் ரப்பும் நினைத்தார், என் பையன்களிடம் எவனும் நெருங்க முடியாது என்று பேசியும் வைத்தார். 1951 அக்டோபரில் அவருடைய பழைய நட்சத்திரங்கள் அலெக்ஸ் குரோசா, ரால்ஃப் பியர்ட் கைதானார்கள். 1952-53-ல் கென்டக்கிக்கு சீசனே இல்லை. பிராட்லியிலும் மாட்டினார்கள். அந்தக் கடைசி ஷாட்டுக்குப் போன மெல்கியோரே தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. 1951-ல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இந்த விவகாரத்தில் மாட்டியவை மொத்தம் ஏழு கல்லூரிகள்.

கார்னர் ஷூட்டர்:
அருமை சார், நன்றி. ஹோல்மனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவருக்கு ஒன்றும் ஆகவில்லையா?

டேபிள் அஃபீஷியல்:
ஹோல்மனை இடைநீக்கம் செய்தார்கள். மேல்முறையீட்டில் 1954-ல் வேலை திரும்பக் கிடைத்தது. ஆட்டக்காரர் சிலரைச் சேர்க்க மார்க் பட்டியலைத் திருத்தியதும் விசாரணையில் வெளியே வந்தது, ஆகவே கல்லூரியும் சுத்தம் இல்லை. ஆனால் வார்னர் சிறைக்குப் போனார், என்.பி.ஏ. கதவு பையன்களுக்கு மட்டும்தான் சாத்தப்பட்டது. என் கணக்கில் இது ஓரவஞ்சனைதான். லேன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்: 1974-ல் சிட்டி காலேஜ் அவரையே கூப்பிட்டுக் கோச் ஆக்கியது.